ஹெட்போனுக்குள் இருந்த குரல்

ஃபைசான் சிரித்தான். அதுதான் தூபாவுக்குப் பொறுக்கவில்லை.

அவன் சிரிக்காத பிள்ளை ஒன்றும் இல்லை. ஃபேன் சுற்றினால் சிரிப்பான். மந்தைவெளி ஸ்டேஷனுக்குள் ரயில் நுழைகிற சத்தம் மாடி வரை கேட்டால் கைகளை உதறிக்கொண்டு சிரிப்பான். ஆனால் இது வேறு மாதிரி. காதில் பெரிய நீல நிற ஹெட்போன், மடியில் டேப்லெட். யாரோ காதோரம் வந்து அவனுக்கு மட்டும் ஏதோ சொல்லிவிட்டுப் போனதுபோல, தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தான். அந்த யாரோ யாரென்று தூபாவுக்குத் தெரியும்.

"இன்னாடி, பாத்துக்கினே நிக்கிற? டென்த் படிக்கிற பொண்ணு மாதிரியா இருக்கே? போய் புக்கை எடு," என்றாள் அம்மா ஷகீலா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"அவன் ஒழுங்கா தொடுறானான்னு பாக்குறேம்மா."

"அதெல்லாம் அவனே தொடுவான். பக்கத்துல ஆள் நின்னா அவனுக்குக் கவனம் போயிடும்னு ஸ்ரீலக்ஷ்மி சொல்லிருக்கில்ல?"

இந்த வீட்டில் இப்போதெல்லாம் எல்லாவற்றையும் ஸ்ரீலக்ஷ்மிதான் சொல்லியிருந்தாள். ஃபைசானை ஜன்னல் பக்கம் உட்கார வைக்கக் கூடாது. அவன் கேட்பதற்கு முன்னால் பாலைக் கொடுக்கக் கூடாது. அவனுக்குப் பதிலாக யாரும் பேசக் கூடாது. கடைசியாகச் சொன்னது தன்னைக் குறிவைத்துத்தான் என்று தூபா அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

ஏனென்றால் நான்கு வருஷமாக ஃபைசானுக்குப் பதிலாகப் பேசியவள் அவள்தான். ஃபைசானுக்கு இப்போது ஏழு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன நாளில் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வயது தூபாதான் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவனுக்குத் தண்ணி வேணுமாம்," என்றாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தெரிந்தது, அவ்வளவுதான். அன்று முதல் அவனுக்குப் பசி, அவனுக்கு வயிற்று வலி, அவனுக்கு அந்தச் சட்டை உறுத்துகிறது, எல்லாமே அவள் வாய் வழியாகத்தான் வெளியே வந்தன. கல்யாண வீடுகளில் ஜைதூன் பெரியம்மா நாலு பேர் நடுவில் அவள் கன்னத்தைத் தடவி, "அந்தப் பிள்ளைக்கு அல்லா குடுத்த வாயி இவதான்," என்பாள். தூபா தலையைக் குனிந்துகொள்வாள். குனிந்துகொண்டே அதை இன்னொரு தரம் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பாள்.

பிறகு அடையாறில் இருந்த அந்த சென்டரில் ஃபைசானுக்கு இடம் கிடைத்தது. அங்கே ஸ்ரீலக்ஷ்மி இருந்தாள்.

மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற காலேஜ் பெண். சைக்காலஜி படித்துக்கொண்டே வாரத்தில் மூன்று நாள் சென்டரில் பாடம் எடுத்தாள். பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற ஒரு புரோகிராமை டேப்லெட்டில் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகத் தயார் செய்வது அவள் வேலை. ஃபைசானுக்காக ஒருநாள் வீட்டுக்கே வந்து படம் எடுத்தாள். அவன் பால் குடிக்கிற டம்ளர், அத்தாவின் தொப்பி, கதவுச் சாவி, பட்டினப்பாக்கத்திலிருந்து அம்மா வாங்கி வந்திருந்த சங்கரா மீன். இப்படி இருபது சாமான், இருபது வார்த்தை.

ஹெட்போனில் அவள் குரல் "சாவி" என்று சொல்லும். திரையில் மூன்று வார்த்தைகள் எழுதியிருக்கும்; ஒவ்வொன்றின் கீழும் படம். சரியானதைத் தொட வேண்டும். தொடத் தொடப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகும். ஒருநாள் படமே இருக்காது. எழுத்து மட்டும் நிற்கும். அப்போதும் தொட்டுவிட்டால் பிள்ளை வாசிக்கிறான் என்று அர்த்தம்.

சரியாகத் தொட்டால் பரிசு உண்டு. மற்ற பிள்ளைகளுக்குப் பலூன், நட்சத்திரம். ஃபைசானுக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை. ஸ்ரீலக்ஷ்மி யோசித்துப் பார்த்துவிட்டு, தி.நகரில் அத்தா பீர் முஹம்மது பை தைக்கிற கடைக்கே போய், தையல் மிஷினின் கறுப்புச் சக்கரம் சுற்றுவதைப் படம் பிடித்து வந்தாள்.

"நம்ம மிஷினு சினிமால நடிக்குது பார்றா!" என்று அத்தா அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தூபா சிரிக்கவில்லை. கடைக்குப் போனால் ஃபைசான் அந்தச் சக்கரத்தின் எதிரில் குந்திக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பதை, அவன் குழந்தையாய் இருந்த நாளிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். அது அவளுக்குத் தோன்றாமல் எவளோ ஒருத்திக்குத் தோன்றிவிட்டது.

அந்தச் சக்கரம் சுற்றச் சுற்ற அவன் கற்றுக்கொண்டான். படங்கள் மங்கின. போன மாதம் பதினான்கு வார்த்தைகளுக்குப் படமே இல்லை. ஒரு சாயங்காலம் அவனே டேப்லெட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், "பால்" என்ற எழுத்தைத் தொட்டு அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். அம்மா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். "அல்லா, என் புள்ள கேக்குறான், என் புள்ள வாயைத் தொறந்து கேட்ட மாதிரியே கேக்குறான்." அத்தாவுக்குப் போன், பெரியம்மாவுக்குப் போன், ஸ்ரீலக்ஷ்மிக்குப் போன்.

தூபா கையில் பால் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். அவனுக்குப் பால் வேண்டுமென்று அவளுக்கு முன்பே தெரிந்து, ஆற்றி எடுத்து வந்திருந்தாள். யாரும் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நெஞ்சுக்குள் ஏதோ கசந்தது. அதற்கப்புறம் இனிக்கவே இல்லை.

ஸ்ரீலக்ஷ்மி செய்த ஒரே முட்டாள்தனம் தூபாவை நம்பியது. புது வார்த்தை சேர்ப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "நான் இல்லாதப்ப ஏதாவது மாட்டிண்டா நீ பாத்துப்பியோன்னோ? சமத்து நீ." திரையின் மூலையை அழுத்திப் பிடித்து ரகசிய எண்ணைப் போட்டால் டீச்சர் பக்கம் திறக்கும். ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி மைக் இருக்கும். அதை அழுத்திப் பேசினால் புதுக் குரல் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போனாள். அத்தா கடையில். ஃபைசான் தூங்கிக்கொண்டிருந்தான். தூபா டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கீழே தெருவில் பழ வண்டிக்காரன் ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருந்தான். அவன் போகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மைக்கை அழுத்தினாள்.

பழைய குரல் அழிந்துவிடும், சரியா என்று திரை கேட்டது.

கேட்காமல் இருந்திருந்தால் தெரியாமல் நடந்துவிட்டது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். இருபது வார்த்தைக்கும் இருபது தடவை கேட்டது. இருபது தடவையும் அவள் 'சரி'யை அழுத்தினாள். "சாவி. தொப்பி. பை. மீன்." அவனோடு பேசும்போது வருகிற தன் குரலில், ஆசையாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாளைக்கு அவன் இதைக் கேட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிப்பான். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. யாருக்கும் தெரியக்கூட வேண்டாம். ஹெட்போனுக்குள் இருப்பது யாரென்று வெளியே யாருக்குக் கேட்கப்போகிறது?

மறுநாள் சாயங்காலம் அவள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். ஃபைசான் ஹெட்போனை மாட்டினான். திரை ஒளிர்ந்தது.

அவன் சிரிக்கவில்லை. சட்டென்று நிமிர்ந்தான். டேப்லெட்டைப் பார்த்தான். பிறகு திரும்பித் தூபாவைப் பார்த்தான். அவள் முகத்தை அல்ல, அவள் வாயை. வாய் மூடியிருந்தது. இன்னொரு தரம் குரல் வந்திருக்க வேண்டும். அவன் எழுந்து வந்து அவள் உதடுகளை இரண்டு விரலால் பிடித்தான். தைத்து முடித்த பையின் ஜிப் சரியாக ஓடுகிறதா என்று அத்தா இழுத்துப் பார்ப்பதுபோல, உதடுகளைத் திறந்தான், மூடினான், திறந்தான். வாய் சும்மா இருந்தது. ஆனால் அந்த வாயின் குரல் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அலற ஆரம்பித்தான். ஹெட்போனைப் பிய்த்து எறிந்தான். மணிக்கட்டைக் கடித்தான். தலையைச் சுவரில் மோதப் போனவனை அம்மா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு? இன்னாடி ஆச்சு இவனுக்கு?"

தூபாவுக்குத் தெரியும். நான்கு வருஷத்தில் அவனுக்கு என்ன என்று அம்மா கேட்டு அவள் தெரிந்தும் சொல்லாத ஒரே தடவை அதுதான்.

"தெரியலம்மா," என்றாள்.

அன்று ராத்திரி அவன் நெடுநேரம் விம்மிவிட்டுத் தூங்கினான். அவன் மணிக்கட்டில் பல் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. தூபா பழைய குரலை எப்படியாவது கொண்டுவந்துவிட வேண்டும் என்று டேப்லெட்டைக் குடைந்து பார்த்தாள்; எங்குமே இல்லை. கடைசியில் பாத்ரூமுக்குள் போய் ஸ்ரீலக்ஷ்மி மாதிரியே பேசிப் பார்த்தாள். மூக்கை லேசாகச் சுருக்கி, ஒவ்வொரு எழுத்தையும் பளிச்சென்று, பாட்டு டீச்சர் மாதிரி. "தொப்பி." கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. தேங்காய்ச் சட்னியை அரைத்து மீன் குழம்பில் ஊற்றிய மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை சென்டருக்குப் போகிற நாள். ஆட்டோவில் ஃபைசானைத் தனியாகச் சமாளிக்க முடியாது என்று அம்மா தூபாவுக்கு லீவு போடச் சொல்லிவிட்டாள். வழி முழுக்கப் புலம்பினாள். "அந்தப் பொண்ணு புதுசா ஏதோ போட்டுக் குடுத்திருக்கு. என் புள்ளைக்கு ஒத்துக்கல. வரட்டும், நல்லா கேக்குறேன்." ஆட்டோ பசுமைவழிச் சாலையைத் தாண்டும்போது, இப்படியே பழி ஸ்ரீலக்ஷ்மி மேல் போய்விட்டால் என்ன என்று தூபாவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே பயமாக இருந்தது.

சென்டரை நடத்துகிற கோமளம் மேடம் அம்மா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். வெள்ளை முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட, சத்தம் போட்டுப் பேசாத மனுஷி. "வெள்ளிக்கிழமை நானே உக்காந்து பாக்குறேன். நல்லா வந்துகிட்டிருந்த பையன் இப்படி ஒரேயடியா நின்னா, கொஞ்ச நாள் வாசிக்கிறதையே விட்டுடறது நல்லது. வற்புறுத்தினா எழுத்தைப் பாத்தாலே பயந்துடுவான்."

"விட்டுட்டா மறுபடி எப்போ மேடம்?"

"அதை இப்ப சொல்ல முடியாதும்மா. காத்துட்டிருக்குற பிள்ளைங்க நிறைய. அந்த நேரத்தை அவங்களுக்குக் குடுத்தாகணும்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்து அறையில் ஸ்ரீலக்ஷ்மி டேப்லெட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபைசான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துத் தூபாவுக்கு வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை.

"சார்ஜ் இருக்கு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்னன்னே புரியலையே," என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீலக்ஷ்மி ஹெட்போனை எடுத்துத் தன் காதுக்குக் கொண்டு போனாள்.

"அதைப் போட்டுக்காதீங்கக்கா!"

ஸ்ரீலக்ஷ்மி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். திரையைத் தொட்டாள். அவள் முகம் முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தது, பிறகு புரிந்தது, பிறகு அப்படியே இறுகியது.

"இது நீ."

தூபா தலையை ஆட்டினாள்.

"எல்லாமேவா?"

மறுபடியும் ஆட்டினாள்.

"ஏண்டி?" ஸ்ரீலக்ஷ்மி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்து அறையில் மேடம் இருந்தார். "எங்காத்துல பீரோவுக்குள்ள தலையை விட்டுண்டு பேசினேன். வெளில மைக் செட்டு, எங்கம்மாவோட மிக்ஸி. ஒவ்வொரு வார்த்தையும் எத்தனை தரம் திருப்பித் திருப்பிச் சொன்னேன் தெரியுமா? ஏன் அழிச்சே?"

"அவன் உங்களைப் பாத்துச் சிரிக்கிறான்."

"என்னைப் பாத்தா? உங்க வீட்டுல நான் எங்க இருக்கேன்?"

"அதான்க்கா. நீங்க இல்லாதப்பக்கூடச் சிரிக்கிறான்."

ஸ்ரீலக்ஷ்மி மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளோ என்று தூபா பயந்தாள். அழுகை இல்லை, முந்தின நாள் மழையில் ஸ்கூட்டியில் நனைந்ததில் பிடித்த ஜலதோஷம்.

"அம்மாகிட்ட சொல்லப்போறீங்களா?"

"சொல்லணும். ஆனா சொன்னா, ஸ்கூல் பொண்ணுகிட்ட ரகசிய எண்ணை யார் குடுத்தான்னு மேடம் என்னைக் கேப்பா. பழைய குரலுக்கு ஒரு காப்பி ஏன் எடுத்து வெச்சுக்கலைன்னும் கேப்பா." ஹெட்போன் வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இதை நான் எடுத்துண்டு போறேன். திரும்பப் பேசித் தரேன். இனிமே நீ அந்த மூலையைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

சொன்னபடியே வியாழக்கிழமை காலையில் டேப்லெட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயங்காலம் தூபா ஃபைசானுக்கு ஹெட்போனை மாட்டினாள். யா அல்லா, இவன் சிரித்துவிடட்டும், அவளுக்காகவே சிரிக்கட்டும், இனிமேல் நான் பார்க்கக்கூட மாட்டேன்.

அவன் கேட்டான். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான். ஹெட்போனைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தான். அதைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

தூபா தன் காதில் மாட்டிப் பார்த்தாள். "தொப்பி" என்றது மூக்கடைத்த ஒரு குரல். ஸ்ரீலக்ஷ்மிதான். ஆனால் அந்த ஸ்ரீலக்ஷ்மி இல்லை. எழுத்து எழுத்தாகப் பளிச்சென்று வந்துகொண்டிருந்ததெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

அவனுக்கு அவளும் வேண்டாம்! தூபாவுக்கு உள்ளே குபுக்கென்று ஒரு மகிழ்ச்சி எழுந்தது. தண்ணீருக்குள் அமுக்கிய காலி பாட்டில் கையை மீறி மேலே வருவதுபோல. அது மேலே வந்த வேகத்தில் நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் வந்தது. அத்தா ராத்திரி சோறு பிசைந்துகொண்டே, "நாளைக்கு மேடம் முன்னாடி நம்ம பையன் அசத்திடுவான் பாரு," என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து தெருவெல்லாம் கூட்டமாக இருந்தது. ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தது. அறையில் கோமளம் மேடம் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். ஸ்ரீலக்ஷ்மி சுவரோரமாக, கைக்குட்டையும் கையுமாக. அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

ஃபைசான் ஹெட்போனைப் போட்டுக்கொள்ளவே மறுத்தான். சரி, ஸ்பீக்கரில் வைப்போம் என்றார் மேடம். "பை" என்றது மூக்கடைத்த குரல். ஃபைசான் காதைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டான். இன்னொரு தரம், இன்னொரு வார்த்தை. அவன் ஜன்னல் கம்பியை நெற்றியால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்," என்றார் மேடம் மெதுவாக. "கஷ்டப்படுத்த வேண்டாம். இப்போதைக்கு நிறுத்திடலாம் ஷகீலா. அவனைப் புதன்கிழமை விளையாட்டு குரூப்புக்குக் கூட்டிட்டு வாங்க."

"மேடம், போன வாரம் வரைக்கும் தொட்டான் மேடம். நான் கண்ணால பாத்தேன். பால் கேட்டான் மேடம் எங்கிட்ட," என்றாள் அம்மா. அவள் குரல் கெஞ்சுவதைத் தூபா அதற்கு முன் கேட்டதில்லை. வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரரிடம்கூட அம்மா கெஞ்ச மாட்டாள்.

"சவுண்டை ஆஃப் பண்ணுங்க," என்றாள் தூபா.

எல்லாரும் திரும்பினார்கள்.

"குரலைக் கேட்டுத்தான் பயப்படுறான். நான்தான் ஸ்ரீலக்ஷ்மி அக்கா குரலை அழிச்சிட்டு என் குரலைப் போட்டேன். அதுக்கப்புறம்தான் இப்படி ஆயிட்டான். அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியும் மேடம், செவ்வாய்க்கிழமையே," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி சுவரோரத்திலிருந்து.

அம்மா கிட்டே வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று தூபா கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை. "நீயா?" என்று மட்டும் கேட்டாள். "அவன் கையைக் கடிச்சுக்கினு கதறுறான், நான் உன்னைக் கேக்குறேன், தெரியலன்னு சொன்னியேடி. நீயா?" அதற்கு அடியே தேவலாம்.

கோமளம் மேடம் டேப்லெட்டின் சத்தத்தை முழுக்கக் குறைத்து, டீச்சர் பக்கத்தில் 'சாவி'யைத் தேர்ந்தெடுத்து அவளுக்குக் காட்டிவிட்டு, "சரி. குரல் இல்ல. இப்ப என்ன பண்ணப்போறே?" என்றார்.

என்ன செய்யப்போகிறோம் என்று தூபாவுக்கும் தெரியாது. அன்று அவன் தன் உதட்டைத் திறந்து மூடியது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. பாயில் அவன் உட்காருகிற இடத்துக்கு எதிரே, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். "ஃபைசு," என்றாள். "ஃபைசு, வாடா."

உடனே வரவில்லை. கம்பியைத் தேய்த்து முடித்துவிட்டு வந்தான். உட்கார்ந்தான். விரலை நீட்டி அவள் உதட்டைத் தொட்டான்.

"சாவி," என்றாள் தூபா, அவன் விரலுக்கு நடுவே.

உதடு அசைந்தது, குரல் வந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து. அவன் விரலை எடுத்தான். குனிந்து திரையைப் பார்த்தான். மூன்று வார்த்தைகள், ஒன்றுக்கும் படம் இல்லை. விரல் ஒன்றின் மேல் வந்து நின்று, நகர்ந்து, அடுத்ததைத் தொட்டது. கறுப்புச் சக்கரம் சத்தமில்லாமல் சுற்ற ஆரம்பித்தது.

அம்மா மூச்சை இழுத்தது கேட்டது.

"இரு," என்றார் மேடம். "நீ கண்ணாலயே காட்டிக் குடுக்குறியோ என்னவோ." அலமாரியிலிருந்து இருபது வார்த்தையும் எழுதிய ஓர் அட்டையை எடுத்து, எழுத்து தூபாவின் பக்கம் இருக்க, திரைக்கும் அவளுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்தார். இனி திரையில் எந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று தூபாவுக்குத் தெரியாது. "இப்ப சொல்லு. நான் காட்டுற வார்த்தையை."

"மீன்."

ஃபைசான் அட்டைக்கு மேலாக எக்கி அவள் வாயைப் பார்த்தான். குனிந்தான். தொட்டான். சக்கரம். "தொப்பி." எக்கினான், குனிந்தான். சக்கரம். "பை." தப்பு. "பால்." சக்கரம். அதற்கு மேல் அவனுக்கு அலுத்துவிட்டது. எழுந்து போய் ஃபேனுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டான். சிரிக்கவில்லை. அவள் எதிர்பார்த்த அந்தச் சிரிப்பு வரவே இல்லை.

"படிக்கிறான்," என்றார் மேடம் அட்டையை இறக்கி வைத்துவிட்டு. "குரலைக் கேட்டுப் பழக்கத்துல தொடல. எழுத்தைப் பாத்துத்தான் தொடுறான். அவன் இடம் இருக்கட்டும் ஷகீலா. செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வாங்க." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார். "ஸ்ரீலக்ஷ்மி, கொஞ்ச நாள் இந்தப் பொண்ணே எதிர்ல உக்காந்து சொல்லட்டும். நீ பின்னாடி உக்காந்து பாரு. அந்த ரகசிய எண் விஷயத்தை நாம அப்புறமா பேசிக்கலாம்."

"சரி மேடம்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

அவள் ஹெட்போன் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள், விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு. கண் ஃபைசான் மேலேயே இருந்தது. ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஃபைசான் ஒரு தரம்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. தூபாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். கையில் பால் டம்ளரோடு நின்ற அன்றைக்குத் தன் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

அம்மா ஃபைசானின் செருப்பை மாட்டிவிட்டாள். தூபாவின் பக்கம் பார்க்காமலேயே, "நட," என்றாள். வீட்டுக்குப் போய் அத்தாவிடம் என்ன சொல்வாள், எத்தனை நாள் பேசாமல் இருப்பாள் என்பதெல்லாம் படி இறங்கும்போது அந்த முதுகிலேயே எழுதியிருந்தது.

தூபா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னால் ஸ்ரீலக்ஷ்மி வந்து நின்றாள்.

"என்கிட்ட அவன் ஒரு தரம்கூட வாயைப் பாத்ததில்லை," என்றாள். "எப்படி உக்காந்தே? ரொம்பக் கிட்டவா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். தெரியலை என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று இந்த வாரத்தில் அவளுக்குப் பழகியிருந்தது. கீழே ஆட்டோவுக்குப் பக்கத்தில் ஃபைசான் கையை உதறிக்கொண்டு நின்றான்.

"கிட்டன்னு இல்லக்கா. வெளிச்சம் உங்க மூஞ்சில விழணும். ஜன்னலப் பாத்து உக்காருங்க. நீங்க எப்பவும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கினு உக்காருவீங்க, அவனுக்கு உங்க வாய் இருட்டாத் தெரியும்."

ஸ்ரீலக்ஷ்மி மெல்லத் தலையசைத்தாள். திரும்பி அறைக்குள் போய், பாயில் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தூபா படி இறங்கினாள். பாதிப் படியிலேயே நெஞ்சில் பழைய கசப்பு மறுபடி ஊறிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து ஸ்ரீலக்ஷ்மி ஜன்னலைப் பார்த்து உட்காருவாள். ஜலதோஷமும் போயிருக்கும்.